எந்த வேலைக்கு இயந்திரம் வேண்டும்?

சங்கத்தில் சிறிது ஆதாயம் சேர்ந்தவுடன், ஏதேனும் ஓர் இயந்திரம் வாங்கவேண்டும் என்ற யோசனை நிர்வாகக் குழுவில் எழுவது இயல்பு. யோசனை நல்லதே. ஆயினும், எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு என்று கேட்பதே முறை.

நெசவுத் தொழிலின் வரலாறே இதற்குச் சான்று. 1733-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர், கயிற்றை இழுத்தவுடன் தறியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். நெசவு விரைவுபெற்றது, ஆனால் இராட்டையில் நூற்போரால் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. நெய்பவர் நூலுக்காகக் காத்திருந்தனர். 1760-களில் ஹார்கிரீவ்ஸ் பல கதிர்களைக் கொண்ட நூற்பு இயந்திரத்தை அமைத்த பின்னரே அக்குறை தீரத் தொடங்கியது. ஒரு வேலையை மட்டும் விரைவாக்கினால் தேக்கம் அடுத்த வேலைக்கு இடம் மாறும் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, நமது தறி எதனால் நிற்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். ஒரு மாத காலம் ஒவ்வொரு தறிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, நூல் வராமல் நின்ற நேரம், பாவு ஆயத்தமாகாமல் நின்ற நேரம், தார் இல்லாமல் நின்ற நேரம் என்று தனித்தனியே எழுதிவருக. நூல் வராமல் நிற்கும் தறிக்குத் தார் சுற்றும் இயந்திரத்தால் பயனில்லை.

உதாரணமாக, 40 தறிகள் தாருக்காக நாள்தோறும் அரைமணி நேரம் நிற்பதாகக் கொள்வோம். மொத்தம் 20 மணி நேரம். எட்டு மணி வேலைநாளில் இது இரண்டரைத் தறிகளின் உழைப்பு. மாதத்தில் 25 நாட்களுக்கு 62½ தறிநாட்கள். நூல் விலையும் நெசவுக் கூலியும் போக, தறிநாள் ஒன்றுக்கு 100 ரூபாய் மிஞ்சினால் வரவு 6,250 ரூபாய். இயந்திரத்தின் விலை 60,000 ரூபாய், ஆயுள் ஐந்தாண்டு எனில், மாதத் தேய்மானம் 1,000 ரூபாய். மின்சாரம், பழுதுபார்ப்பு, கூடுதற் கூலி ஆகியவற்றுக்கு 4,000 ரூபாய். மீதி 1,250 ரூபாய். ஆனால், கூடுதலாக நெய்த துணியில் பாதியே விற்றால் வரவு 3,125 ரூபாயாகி, 1,875 ரூபாய் நஷ்டம் நேரும். மிச்சமான நேரம் விற்பனையான துணியாக மாறினாலன்றி ஆதாயமாகாது.

அடுத்து, வேலையின் தன்மையை ஆராயவேண்டும். தார் சுற்றுதல், பாவு ஓட்டுதல் போன்றவை ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப நிகழ்பவை; இயந்திரத்துக்கு ஏற்றவை. கோர்வை சேர்த்தல், வண்ணம் பொருத்துதல் முதலியவை கண்ணும் கைப்பழக்கமும் தீர்மானிப்பவை. வாங்குபவர் நமது சேலைக்கு மிகுதியான விலை கொடுப்பது இவற்றுக்காகவே. மேலும், கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்வதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் மறத்தலாகாது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இவ்விதி பொருந்தும். எடைபோட்டு உடனே சீட்டு அச்சிட்டுத் தரும் மின்னணுத் தராசு நம்பிக்கையை வளர்க்கும். கணினியில் கணக்கெழுதுவதும் நன்றே. ஆனால் தவறான கூலிவிகிதம் ஒருமுறை பதிவாகிவிட்டால், கணினி அத்தவற்றை எல்லாப் பெயர்களிலும் நொடியில் செய்துமுடிக்கும். எனவே பட்டுவாடாவுக்கு முன் சில பெயர்களின் கணக்கைக் கையால் போட்டுச் சரிபார்த்தல் அவசியம்.

இறுதியாக, இன்று அவ்வேலையைச் செய்பவர் யார் என்று பார்க்கவேண்டும். தார் சுற்றும் கூலியே பல வீடுகளில் முதிய பெண்களின் ஜீவனம். அவர்களை வெளியே நிறுத்திச் சேர்க்கும் ஆதாயம் கூட்டுறவின் ஆதாயம் ஆகாது. அவர்களுக்கே பயிற்சியளித்து இயந்திரத்தை அவர்கள் பொறுப்பில் விடுவதென்று, வாங்கும் தீர்மானத்திலேயே எழுதவேண்டும். வாங்கிய பின்னர் யோசிப்போம் என்று ஒத்திவைப்பது தகாது.

இயந்திரம் வாங்கும் பிரேரணை வரும்போது, ஒரு மாதக் குறிப்பேடு, வரவு செலவுக் கணக்கு, வேலை மாறுவோர் பட்டியல் ஆகிய மூன்றையும் அங்கத்தினர்கள் கேட்கவேண்டும். பணம் அவர்களுடையது, கேட்பது அவர்களுடைய உரிமை.