விரல்கள் மடங்கிய பின்னும்

நோயுற்றவரிடம் "நம்பிக்கை வையுங்கள்" என்று சொல்வது எளிது. எதன்மீது வைப்பது, எவ்வாறு வைப்பது என்று விளக்குவோர் குறைவு. அதனை இங்கே ஒருவருடைய வாழ்விலிருந்து பயில முயல்வோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியை இவ்வட்டாரத்தில் அறியாதார் அரிது. எனினும், அவர் நெடுங்காலம் நோயாளியாகப் படுத்திருந்தவர் என்பதைப் பலர் அறியார்.

1918ஆம் ஆண்டு, எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1881இல் நமது பசுமலையில் தொடங்கிப் பின்னர் மதுரை நகருக்குள் இடம்பெயர்ந்த அமெரிக்கன் கல்லூரியில் பயின்றார். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தை ஒட்டி மாண்டதைச் சிறு வயதில் கண்டவர். ஆதலால் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவரது உறுதி. சென்னையில் மருத்துவம் கற்று 1944இல் பட்டம் பெற்றார்; இராணுவ மருத்துவப் பிரிவிலும் சேர்ந்தார்.

முப்பது வயதில் முடக்குவாதம் வந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கும் நோய் இது. காலையில் எழும்போது விரல்கள் இறுகிக்கிடக்கும். வீக்கமும் வலியும் நீடித்தால் எலும்பும் தசைநாரும் சிதைந்து மூட்டுகள் கோணிவிடும். இக்காலத்தில் தொடக்க மாதங்களிலேயே தக்க மருந்தைத் தொடங்கினால் அக்கோணலைப் பெரும்பாலும் தடுக்கலாம். அவர் நோயுற்ற காலத்தில் அத்தகைய மருந்துகள் இல்லை. 1948இல் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடந்தார். எழுந்து நிற்க இயலவில்லை. பேனாவைப் பிடிக்கவும் கை ஒத்துழைக்கவில்லை. நோய் தணிந்தபோது விரல்கள் நிலையாகவே மடங்கிப்போயிருந்தன.

மகப்பேறு மருத்துவம் நெடுநேரம் நின்று உழைக்க வேண்டிய துறை. அந்த வழி அடைபட்டது. அவர் கண் மருத்துவத்திற்குத் திரும்பினார். இதனைக் கதையாகச் சொல்வோர் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். நாம் சற்றுத் தங்குவோம். விரும்பிய துறையை இழந்த துயரம் ஒரு புறம். கோணிய விரல்களைக் கொண்டு, மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடக்கூடிய அறுவை சிகிச்சையைக் கற்கவேண்டிய அச்சம் மறுபுறம். கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதை முதலிலிருந்து பழகினார். நேற்று இயலாத பிடி இன்று சிறிது இயன்றது. நாளை இன்னும் சிறிது. பிற்காலத்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளை அதே கைகளே செய்தன.

அவருடைய இறைநம்பிக்கை ஸ்ரீ அரவிந்தரின் போதனைகளில் வேரூன்றியது. மருத்துவமனையின் பெயரே அதற்குச் சான்று. ஆனால் அந்த நம்பிக்கை அவரது விரல்களை நிமிர்த்தவில்லை. 2006இல் தமது 87ஆம் வயதில் மறையும்வரை அவை மடங்கியே இருந்தன. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். நோய் நீங்கினால்தான் இறைவன் செவிசாய்த்தான் என்று கருதும் நோயாளர், நோய் நீங்காதபோது தம்மையே குற்றவாளியாக எண்ணி வருந்துகின்றனர். வெங்கடசாமியிடம் நாம் காணும் நம்பிக்கை, இந்த உடலைக் கொண்டே இன்றைய பணியைச் செய்யலாம் என்னும் அளவினது. திருப்பரங்குன்றத்தை நோக்கிக் கைகூப்புவோருக்கும், தேவாலயத்தில் முழந்தாளிடுவோருக்கும், தொழுகைக்குச் செல்வோருக்கும் அது பொருந்தும். மருந்தை நிறுத்திவிட்டு நம்பிக்கையை மட்டும் பற்றுவதற்கு இவ்வாழ்வு சான்றாகாது, அவரே மருத்துவர்.

துணையிருப்போருக்கு ஒரு சொல். "அவரைப் பாருங்கள், நீங்கள் மட்டும் சோர்ந்து கிடக்கிறீர்களே" என்று இக்கதையைச் சாட்டையாக்க வேண்டா. படுக்கையில் கழிந்த காலமும் அவர் வாழ்வின் பகுதியே. அப்போது அவர் எதையும் சாதிக்கவில்லை. சாதித்திருக்க வேண்டும் என்று இன்று எவரும் கேட்பதுமில்லை.

மேலும், அவர் தனியே எழுந்தவரும் அல்லர். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது அவருக்கு வயது 58. வீட்டை அடமானம் வைத்து, வைகைக்கு அப்பால் அண்ணாநகரில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர்தம் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன்பிறந்தார் பிறரும் தோள்கொடுத்தனர். கட்டணம் செலுத்த இயலாத ஏழையருக்கும் அங்குப் பார்வை கிடைத்தது. கண்புரையால் இருண்டுபோன சிற்றூர் முதியோரைத் தேடி மருத்துவர்களே முகாமிட்டுச் சென்றனர்.

இதனை வாசித்தபின், நோயாளரும் துணையிருப்பவரும் அவசரமின்றிச் சேர்ந்து பேசுவதற்கு இரண்டு வினாக்கள்:

நோய் வந்தபின் நீங்கள் கைவிட நேர்ந்த எதைப் பற்றி இன்னும் எவரிடமும் மனம்விட்டுச் சொல்லவில்லை?

சென்ற வாரம் இயலாதிருந்து, இவ்வாரம் சிறிதேனும் இயன்றது எது? கட்டிலின் விளிம்பில் தாமாக அமர்ந்ததாயினும், ஒரு குவளை நீரைத் தாமே பிடித்து அருந்தியதாயினும் சொல்லுங்கள். துணையிருப்பவர் அதை நாளிட்டு ஒரு தாளில் எழுதி வைக்கட்டும்.