ஈரி ஏரி புகட்டும் எருப் பாடம்

வட அமெரிக்காவிலுள்ள ஐந்து பேரேரிகளுள் ஈரி ஏரி ஒன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டையும் கானடாவையும் பிரிக்கும் எல்லைக்கோடு அதன் நீர்ப்பரப்பின் ஊடே செல்லுகிறது. அதன் நீளம் சுமார் 240 மைல். பரப்பு ஏறக்குறைய 9,900 சதுர மைல். கடலைப்போல் விரிந்திருப்பினும் அது நன்னீர் ஏரியே. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அதிலிருந்து குடிநீர் பெறுகின்றனர்.

அவ்வைந்தனுள் ஆழம் மிகக் குறைந்தது இதுவே. சராசரி ஆழம் சுமார் 62 அடி. மேற்குப் பகுதியிலோ சுமார் 24 அடிதான். ஆழமற்ற நீர் கோடையில் விரைந்து சூடேறும். அதில் பாஸ்பரஸ் சத்தும் வந்து சேருமாயின், நீலப்பச்சைப் பாசி பெருகி நீரை மூடிவிடும். அப்பாசியிற் சிலவகை நஞ்சை உண்டாக்குவன. 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் டொலீடோ நகரத்துக் குழாய்நீரில் அந்நஞ்சு காணப்பட்டது. 4 லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய மூன்று நாள் அந்நீரைக் குடிக்கலாகாதென்று தடுக்கப்பட்டனர். காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இப்பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது? முன்னாளில் நகரத்துச் சாக்கடையும் சலவைத்தூளும் முக்கிய காரணங்களாயிருந்தன. 1909-ம் வருஷத்து எல்லைநீர் உடன்படிக்கையால் இரு தேசங்களுக்கும் பொதுவான கமிஷன் ஒன்று ஏற்பட்டிருந்தது. 1972-ல் ஏரிநீரின் தூய்மையைக் காக்கத் தனி ஒப்பந்தம் செய்யப்பட்டது. சாக்கடை நீர் சுத்தி செய்யப்பட்டு, 1980-க்குப் பின் ஏரி தெளிந்தது. ஆனால் 1990-களின் பிற்பகுதி முதல் பாசி மீண்டும் தலைகாட்டிற்று. இம்முறை பெரும்பங்கு வயல்களிலிருந்தே வந்தது.

மேற்குக் கோடியில் கலக்கும் மாமி ஆற்றின் படுகை பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் பூமி. அதன் ஒரு பகுதி பழைய சதுப்பு நிலம். மண்ணுக்கடியிற் குழாய்கள் புதைத்து நீர் வடித்துச் சாகுபடிக்குக் கொணரப்பட்டது. மேலாகத் தூவப்பட்ட எரு, மழைநீரிற் கரைந்து, அக்குழாய்கள் வழியாகவும் வாய்க்கால்கள் வழியாகவும் ஆற்றை அடைகிறது.

ஏக்கருக்கு ஓரிரண்டு பவுண்டு பாஸ்பரஸ் போவதனால் விளைச்சல் குறைவதில்லை. ஆகவே விவசாயிக்கு அந்நஷ்டம் கண்ணிற் படுவதில்லை. ஆயினும் லக்ஷக்கணக்கான ஏக்கர்களின் ஒழுக்கு ஓரிடத்திற் கூடும்பொழுது ஒரு நகரமே தாகத்தால் தவிக்க நேரிடுகிறது. ஒருவர் மீதும் தனியே குற்றஞ் சாட்ட இடமில்லை. ஒருவரும் பொறுப்பினின்று விலகவும் இடமில்லை.

2016-ல் இரு தேசங்களும், 2008-ம் வருஷத்து அளவினின்றும் 100-க்கு 40 வீதம் பாஸ்பரஸைக் குறைப்பதெனக் குறிக்கோள் வகுத்தன. அங்குள்ள விவசாயிகளுக்குப் போதிக்கப்படும் முறைகள் நான்கு:

1. மண்ணைப் பரீக்ஷித்துத் தக்க எருவைத் தேர்ந்தெடுத்தல்.

2. தேவைக்கு மேற்படாத அளவே இடுதல்.

3. பெருமழைக்கு முன்னும், நிலம் நீரில் ஊறிக் கிடக்கும்போதும், உறைந்திருக்கும்போதும் இடாதிருத்தல். 2015-ல் ஒஹாயோ மாகாணம் இதனைச் சட்டமாகவே செய்தது.

4. மேலே தூவாமல் வேர் எட்டும் ஆழத்தில், மண்ணுக்குள் இடுதல்.

இவற்றுடன் வாய்க்காலோரத்தில் அகன்ற புல்வரம்பு விடுதலும் நன்று.

பாசியின் இயல்பு எந்த ஏரிக்கும் பொதுவானது. நெல் வயலில் பாஸ்பேட் எருவைக் கடைசி உழவிலிட்டு மண்ணோடு கலந்து, சில நாள் வயல்நீரை வடியவிடாது காப்பவர், தம் பணத்தையும் ஊராரின் குடிநீரையும் ஒருங்கே காப்பவராவர். கிராம அதிகாரிகளும் வடிகால்கள் ஏரியிற் சேருமிடங்களைப் பருவந்தோறும் பார்வையிட்டு, பாசி படரத் தொடங்கும்பொழுதே விவசாயிகளைக் கூட்டி இதனை எடுத்துரைப்பார்களாக.