முதலில் பல்லைப் படியுங்கள்

ஆதி முலையூட்டிகளின் உயிர்ச்சுவடுகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஹட்டன் பக்கமிருந்தும் நுவரெலியாப் பக்கமிருந்தும் வந்து கேட்கிற பிள்ளைகளுக்கு, விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியாராக நான் சொல்லுபவை இவை.

1. கான் வெட்டுகிற இடத்திலும் மண் சரிந்த இடத்திலும் கல்லான எலும்பைத் தேடி அலையாதீர்கள். நம்முடைய மலைப்பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறியது. முலையூட்டிகள் தோன்றி 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அவை பிறக்குமுன்பே இறுகிவிட்ட பாறை இது.

2. சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறுகிறவர்கள், அடுத்த முறை மறுபக்கம் இரத்தினபுரிக்கு இறங்கிப் பாருங்கள். அங்கே மாணிக்கக்கல் தோண்டுகிற குழிகளின் சரளைப் படுகையில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் உயிர்ச்சுவடுகள் கிடைத்திருக்கின்றன. கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல அவற்றை விவரித்தார். குருவிட்டவில் கிடைத்த பற்களை வைத்து, இலங்கையில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939 இல் எழுதியவரும் அவரே. ஆனால் இவையெல்லாம் பனியுகக் காலத்தவை. ‘ஆதி’ என்று இவற்றைச் சொல்லக் கூடாது.

3. உண்மையான ஆதிகாலத்துக்குக் கடல் தாண்ட வேண்டும். தெலுங்கானாவின் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில், கோட்டா பாறையடுக்கில் கிடைத்த ஜுராசிக் காலப் பல்லுக்கு 1981 இல் கோட்டாதேரியம் ஹால்டேனி என்று பெயர் வைத்தார்கள். ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் நினைவாக வந்த பெயர். அதே மாநிலத்தின் நஸ்கல் கிராமத்தில், தக்காண எரிமலைக் குழம்பின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய வண்டலைத் தண்ணீர் விட்டு அரித்தார்கள். தெக்கனோலெஸ்டிஸ் என்ற பிராணியின் பல் வந்தது. பிரசாத்தும் சாஹ்னியும் 1988 இல் அதை வெளியிட்டார்கள். சில மில்லிமீற்றர் பல்தான். ஆனால் பின்னர் கிடைத்த கணுக்கால் எலும்புகள் அது மரமேறியது என்று காட்டின. டைனோசர் காலம் முடிகிற வேளையில், நம் கிளைக்கு நெருங்கிய ஒரு சிறு பிராணி இந்தியாவில் மரமேறித் திரிந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

4. மயிரையும் பாலையும் பாறை பெரும்பாலும் வைத்திருக்காது. தாடையைப் பாருங்கள். ஊர்வனவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. நமக்கு ஒரே எலும்பு. பழைய மூட்டில் இருந்த இரண்டு சிற்றெலும்புகள் காதுக்குள் போய், கேட்பதற்கு உதவுகின்றன. மோர்கனுகோடன் என்ற பிராணியில் பழைய மூட்டும் புதிய மூட்டும் சேர்ந்தே இருந்தன. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்படாதீர்கள்.

5. படிக்கப் பல் எங்கே என்று கேட்பீர்கள். கொழுந்து மடுவத்தின் கூரைக்குக் கீழோ பழைய கட்டடங்களிலோ ஆந்தை கக்கிய உருண்டைகள் கிடக்கும். எலிக்காய்ச்சல் பயம் உண்டு; கையுறை போட்டு எடுத்து, கொதிநீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். எலியின் மண்டையோட்டில் உளி மாதிரி முன்பல், பிறகு வெற்றிடம், பிறகு கடைவாய்ப்பல். மூஞ்சூறுக்கு வெற்றிடமே இல்லை. மேல் கடைவாய்ப்பல்லைக் கைவில்லையில் பார்த்தால் வரப்புகள் வளைந்து வளைந்து ஓடும். இரண்டையும் பென்சிலால் வரையுங்கள். படம் பிடித்தால் போதாது. வரைந்தால்தான் கண் நிற்கும். நம் மலைக்காடு இதற்கு வளமான இடம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத நீள்நக மூஞ்சூறு இங்கே உண்டு. தோட்டத்துரையாக இருந்த பிலிப்ஸ் 1929 இல் விவரித்த ஒஹிய எலியும் இலங்கைக்கே உரியது. ஆனால் இந்த மலைக்காட்டில் ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு எலும்பைக்கூட எடுத்து வரக் கூடாது.

6. மூஞ்சூறைப் பார்த்ததும் “இதுதான் நம் மூதாதை” என்று எழுதிவிடாதீர்கள். பங்காளி வீட்டுப் பிள்ளையிடம் பாட்டனின் முகச்சாயல் இருக்கலாம். அதனால் அவன் பாட்டனாகிவிட மாட்டான். ஆனால் பல் உண்மையான உறவைக் காட்டவும் செய்யும். நஸ்கலில் கிடைத்த இன்னொரு பிராணி பாரத்தேரியம். உயரமான, புல் மெல்லுவதற்கு ஏற்றதுபோன்ற பல். அதன் நெருங்கிய சொந்தம் மடகஸ்கரின் லவனிஃபை. அந்தக் குடும்பத்தின் வேறு சில கிளைகள் தென்னமெரிக்காவில். நிலங்கள் ஒட்டியிருந்த கொண்டுவானாக் காலத்தை ஒரு பல் இப்படிச் சொல்லுகிறது.

7. மத்தியப் பிரதேசத்தின் டிக்கி பாறையடுக்கில் கிடைத்த ஒரே ஒரு மேல் கடைவாய்ப்பல்லை வைத்து, 2005 இல் டிக்கிதேரியம் என்ற டிரயாசிக் கால விலங்கை ஓர் ஆய்வாளர் விவரித்தார். உலகப் புத்தகங்களிலும் உறவுமரங்களிலும் அது இடம்பிடித்தது. 2024 இல் ரஷ்ய ஆய்வாளர்கள் இருவர், அது மிகப் பிந்திய காலத்து மூஞ்சூறின் பல் என்று எழுதினார்கள். முதலில் விவரித்தவரைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர் அளவையும் படத்தையும் ஒழுங்காகப் பதிந்து வைத்ததால்தான் மற்றவர்கள் திருப்பிப் பார்க்க முடிந்தது. மூஞ்சூறின் பல்லை நன்றாகத் தெரிந்தவர் கண்ணுக்கு அது பட்டது என்பதையும் கவனியுங்கள். ஆந்தை உருண்டையைப் பிரி என்று உங்களை நச்சரிப்பது இதற்காகத்தான்.

8. உயர்தரத்தில் உயிரியலை எடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் உண்டு, புவிச்சரிதவியலும் உண்டு. இரண்டு பக்கமும் கதவைத் தட்டுங்கள். அதுவரை, பிரித்தெடுத்த ஒவ்வொரு மண்டையோட்டோடும் திகதி, தோட்டம், டிவிசன், எந்தக் கூரைக்குக் கீழ் என்று எழுதிய துண்டு இருக்கட்டும். துண்டில்லாத எலும்பை என்னிடம் கொண்டு வராதீர்கள்.