எலுமிச்சை இலையில் கோடு கிழித்தது யார்?

மாடித்தோட்டத்து எலுமிச்சை தளிர் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் பூரிப்பு. பத்து நாள் போனால் அதே தளிர் சுருண்டு கிடக்கிறது. இலையெங்கும் வெள்ளிக் கம்பி இழைத்தாற்போல் கோணல்மாணலாகக் கோடுகள். நத்தை ஊர்ந்திருக்கும் என்பார் ஒருவர். வைரஸ், செடியையே பிடுங்கிப் போடுங்கள் என்பார் இன்னொருவர்.

இரண்டும் தவறு. நத்தைத் தடம் ஈரத்துணிக்குப் போய்விடும். இது போகாது; இலைத்தோலுக்கு அடியில் ஒரு புழு குடைந்த பாதை இது. வளர்ந்ததும் இலைத்துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியாகும் புழு. 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் கல்கத்தா மாதிரிகளைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயரிட்டார். 1993இல் ஃபுளோரிடா தோட்டங்களையும் எட்டிவிட்டது.

சிறகு விரித்தால் சுமார் 4 மில்லிமீட்டர். வெள்ளி நிறம், முன்சிறகு நுனியில் ஒரு கரும்புள்ளி. தாய்ப்பூச்சி கொழுந்திலையாகப் பார்த்து ஒவ்வொரு முட்டையாக வைக்கிறது. முற்றிய இலை அதற்கு ஆகாது. பொரிந்த புழு நேராக இலைக்குள் இறங்கி, மேல்தோல் செல்களின் சாற்றைக் குடித்தபடி நகர்கிறது. கோட்டின் நடுவே ஓடும் கருப்பு இழை அதன் எச்சம்தான். நான்காம் பருவத்தில் தீனியையே நிறுத்திவிட்டு நூல் நூற்கிறது. இலை விளிம்பை மடக்கி உள்ளே கூட்டுப்புழுவாகிறது. முட்டை முதல் பூச்சி வரை, தட்பவெப்பத்தைப் பொறுத்து, 13 முதல் 52 நாள்.

'மருந்தடித்தால் தீர்ந்தது' என்பது அடுத்த நம்பிக்கை. இலைத்தோலே புழுவுக்குக் கூரை. மேலே தெளிக்கும் பல மருந்துகள் அதைத் தொடுவதில்லை. ஆனால் அந்தப் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் செத்துப்போகும். ஃபுளோரிடாவில் இப்படியொரு குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்தே விட்டார்கள்.

சுருண்ட இலைகளை வெட்டித் தள்ளுவதும் வீண்வேலை. பச்சை மிச்சமிருக்கும் வரை இலை மரத்துக்கு உணவு சமைக்கும். வெட்டினால் புதுத் தளிர் கிளம்பும், பூச்சிக்கு விருந்து! காய்க்கும் மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது நாற்றுகளுக்கும் இளங்கன்றுகளுக்கும்தான். சொறிநோய் உள்ள தோட்டத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: புழு குடைந்த புண் வழியே அந்நோயை உண்டாக்கும் பாக்டீரியா எளிதாக நுழையும்.

தக்காளி, அவரை இலைகளிலும் இதே போன்ற கோடுகள் உண்டு. அவை பெரும்பாலும் ஒரு சிறு ஈயின் வேலை. அந்துப்பூச்சியின் மேல் பழி போட வேண்டாம்.

சந்தேகம் இருந்தால், கோடு விழுந்த தளிரை வெயிலுக்கு எதிரே பிடித்து, கருப்பு இழை முடியும் இடத்தைப் பாருங்கள். புழு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.