பிரபவ வருடம், பம்பாய் - 400 017

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைச் செம்பூர் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்துவிட்டேன். தாராவியில் ஒரே டிரங்குப் பெட்டிக்குள் முன்னூற்றுச் சொச்சம் தமிழ்க் காகிதம் கிடந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, படமெடுத்து, கட்டம் கட்டமாக விவரம் நிரப்பியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் குறை சொல்லத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாற்பத்தேழாம் எண்ணை எடு. ரோஸ் நிறத் தாள், அம்மன் கோயில் கொடைவிழா நோட்டீஸ். தேதிக் கட்டத்தில் 1928 என்று போட்டிருக்கிறாய். தாளில் இருப்பதோ ‘பிரபவ வருடம் பங்குனி மாதம்’ மட்டும். பிரபவ என்றால் 1927-28 என்று எங்கோ பார்த்து எழுதியிருப்பாய். அறுபது வருடம் கழித்து, 1987 சித்திரையில், அதே பிரபவ திரும்பி வந்ததே! தாளின் அடியில் பொடி எழுத்தைப் பார்: ‘தாராவி, பம்பாய் - 400 017’. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. அதற்கு முன் நம் விலாசம் வெறும் ‘பம்பாய்-17’. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’யும் இதில் இல்லை, 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்த எழுத்தில் கோத்திருக்கிறார்கள். ஆக இது 1988 மார்ச்-ஏப்ரல். (ஊர்ப்பெயரை வைத்து மட்டும் காலம் கணிக்காதே. 1995-இல் மும்பை ஆன பிறகும் நம் ஆட்கள் பம்பாய் என்றே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள்.)

நீ அறுபது வருடம் தவறியது எனக்குப் பெரிதில்லை. நானும் தவறியிருக்கிறேன். 1928 என்று தாள் சொல்கிறதா, நீ சொல்கிறாயா என்பது பட்டியலைப் பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை, குறை அதுதான். தாளில் உள்ளதை உள்ளபடி எழுது. நீயாகக் கண்டதைச் சதுர அடைப்புக்குள் வை: [1988]. சந்தேகமிருந்தால் கேள்விக்குறி சேர். குறிப்புக் கட்டத்தில் ‘ஆண்டு பின்கோட்டையும் எழுத்து வடிவத்தையும் வைத்துக் கணித்தது’ என்று ஒரு வரி எழுது. நூலகக்காரர்கள் கார்டில் எழுதிய காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம் இது. கணினிக்கு அடைப்புக்குறி புரியாது, அதனால் அதற்குத் தனிக் கட்டத்தில் 1988-03/1988-04 என்று கொடுத்துவிடு.

விவரம் நிரப்ப எந்தத் தரத்தைப் பின்பற்றுவது என்று கேட்டிருந்தாய். டப்ளின் கோர் போதும். பெயரைப் பார்த்து அயர்லாந்து என்று நினைக்காதே. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு டப்ளின் இருக்கிறது, 1995-இல் அங்கே கூடிப் பேசித்தான் தொடங்கினார்கள். பதினைந்தே கட்டங்கள். நூலகங்களின் மார்க் தரம் 1960-களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ரம் உருவாக்கியது. புத்தக அலமாரிக்கு அருமை, உன் பெட்டிக்குக் கனம் அதிகம். ஆவணக் காப்பகக்காரர்களின் ஐசாட்-ஜி தரத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்: முதலில் பெட்டியை விவரி, பிறகு கட்டு, கடைசியில்தான் தாள். யாருடைய பெட்டி, எந்த வீட்டிலிருந்து வந்தது, எப்படி அடுக்கியிருந்தது? நீ நோட்டீஸை ஒரு பக்கம், சங்க ரசீதை ஒரு பக்கம், கடிதத்தை ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டாய். கொடை நோட்டீஸுக்குள் நன்கொடை ரசீது மடிந்திருந்தால், யார் வசூலித்தார் என்று அந்த மடிப்புத்தான் சொல்லும். உன் பட்டியல் அதைச் சொல்லாது.

அடுத்தது பெயர். இதில்தான் மும்பைத் தமிழனுக்குத் தலைவலி. இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் ஆட்நாவ், அதாவது குடும்பப் பெயர் கேட்பார்கள், பிறகு சொந்தப் பெயர், பிறகு அப்பா பெயர். நமக்கு ஏது ஆட்நாவ்? என் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஆட்நாவ் ஆனது. ரேஷன் கார்டில் தாத்தாவின் கிராமம் ஆட்நாவ். ஓர் அலுவலகத்தில் எழுதியவர் கேட்காமலே சாதிப் பெயரைப் போட்டுவிட்டார். மூன்று காகிதத்தில் மூன்று ஆள், மூன்றும் நான்தான் என்று நிரூபிக்கப் பிரமாணப் பத்திரம் வாங்க அலைந்தேன். உன் பெட்டிக்காரருக்கும் இதே கதியாக இருக்கும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதனையே பார். எஸ் என்பது சீர்காழி, அந்நாளைய ஷியாலி, ஆர் என்பது அப்பா ராமாமிருதம், ரங்கநாதன்தான் அவர். அது குடும்பப் பெயர் அல்ல. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தலைப்புப் பெயரைத் தேர்ந்து, காகிதங்களில் வரும் மற்ற வடிவங்களையெல்லாம் அதன் கீழ் எழுதித் தனித் தாளில் வைத்துக்கொள். பெரிய எழுத்தாளர்களுக்கு உலக நூலகங்கள் சேர்ந்து இதைச் செய்திருக்கின்றன. தாராவியில் வசூல் பண்ணியவருக்கு நீதான் செய்ய வேண்டும்.

தட்டச்சிலும் ஒரு சங்கடம். ‘ஔவை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்து ‘ஒளவை’ ஆக்கியிருக்கிறாய். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போது கிடைக்காது. ‘கொடை’யிலும் அப்படித்தான்: ‘கொ’வின் குறியைச் சில எழுத்துரு மாற்றிகள் ‘ெ’ தனி, ‘ா’ தனி என்று பதிந்துவிடும். முழுப் பட்டியலையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்று, ‘கொ’ சரியாகிவிடும். ‘ஒள’வை மட்டும் கையால்தான் திருத்த வேண்டும்.

பொருள் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ‘குடிசைப் பகுதி’ என்று நிரப்பியிருக்கிறாயே, ஏன்? பெட்டியில் ஒரு தாளிலாவது அந்தச் சொல் இருக்கிறதா? கொடை, வசூல், சங்கம், சீட்டு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அதை எழுது. இத்தகைய தாள்களை மதித்த ஒருவரைப் பார்: கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், சாதாரண விளம்பர ஓவியர். நாடக நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் புத்தகத்துக்குச் சமமாகச் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானார். அவர் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கியும், அது சென்னையில்தான் இருக்கிறது.

கடைசியாக, உரிமைக் கட்டம். காலியாக விட்டிருக்கிறாய். நூற்றுப் பதினொன்று முதல் நூற்று முப்பது வரை 1976 குடிசைக் கணக்கெடுப்பின் போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது. தாராவியை இடித்துக் கட்டுகிற இந்தச் சமயத்தில், மாற்று வீடு கேட்க, 2000 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததைக் காட்டும் துண்டுச் சீட்டுக்கு என்ன மதிப்பு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விவரத்தை எழுது, படத்தை இணையத்தில் போடாதே. ‘குடும்பத்தாரின் சம்மதத்தோடு மட்டும் பார்க்கலாம்’ என்று கட்டத்தில் எழுதிவிட்டு, மூலத்தை இந்த வாரமே அவர்கள் கையில் திருப்பிக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் வருகிறேன், காபி குடித்துக்கொண்டே பெயர்த் தாளைத் தொடங்கலாம். வருவதற்கு முன், பெட்டி மூடியின் உட்புறத்தில் ஏதாவது தாள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, உரிக்காமல் அப்படியே படமெடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்