மந்தகாலத்தில் வேலைநிறுத்தம்
(திரைத்தொழிலாளர் சங்கங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஒருநாள், பொருளாதார வகுப்பு முடிந்தபின் மாணவரொருவர் என்னிடம் வந்து ஒரு வினா வினவினார். அவர்தம் தந்தையார் சினிமாப் படப்பிடிப்பில் விளக்குத் தூக்கும் லைட்மேன். தாய்மாமன் ஒப்பனைக் கலைஞர். இருவரும் வடபழனியில் ஒரே வீட்டில் வாழ்பவர். வெவ்வேறு சங்கத்தைச் சேர்ந்தவர். அவ்வாரம் சங்கங்கள் யாவும் வேலையை நிறுத்தியிருந்தன. "நிறுத்தியது முறையே" என்றார் தந்தையார். "நிறுத்தலாம், ஆனால் இப்பொழுதன்று" என்றார் மாமனார். இரண்டு நாளாக இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். "ஐயா, இவர்களில் யார் கூறுவது சரி?" என்பது மாணவரின் வினா.

யான் பாடப்புத்தகத்திலுள்ள சில வாக்கியங்களைக் கூறி அவரை அனுப்பிவிட்டேன். அது விடையன்று என்பதை அவர் முகமே காட்டிற்று. அன்று கூறத் தவறியதை இங்கே கூற முயல்கின்றேன்.

முதற்கண், நிகழ்ந்தது யாதெனக் காண்போம். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம், 'பெப்சி' என்று வழங்கப்பெறுவது, இருபதுக்கு மேற்பட்ட சங்கங்களின் கூட்டு. ஒளிப்பதிவாளர், தச்சர், ஓட்டுநர், சண்டைப் பயிற்சியாளர், நடனக் கலைஞர், ஒப்பனையாளர் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். அங்கத்தினர் ஏறக்குறைய 25,000 பேர். அவ்வாண்டில் வெளியூர்ப் படப்பிடிப்பொன்றில் ஊதியம் பற்றி எழுந்த சிறு பூசல் முற்றி, சம்மேளனத்தைச் சேராதவரையும் வேலைக்கு வைத்துக்கொள்வோம் எனத் தயாரிப்பாளர் சங்கம் அறிவித்தது. அதனை எதிர்த்து ஆகஸ்டு 1ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று.

காலமோ நல்ல காலமன்று. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுக்கள் செல்லாதனவாயின. ரொக்கத்தையும் கடனையும் நம்பி நடக்கும் படத்தொழில் அதனால் தள்ளாடிற்று. 2017 ஜூலை 1ஆம் நாள் முதல் சரக்கு சேவை வரி வந்தது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சீட்டுக்கு 28 சதவீதம். அதன்மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி 30 சதவீதம் என்றனர். தியேட்டர்க்காரர்கள் ஜூலை 3ஆம் நாள் முதல் சில நாட்கள் கதவடைத்தார்கள். கதவு திறந்து ஒரு மாதம் ஆகுமுன்னரே தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மாமனாரின் அச்சம் ஆதாரமற்றதன்று என்பதற்கு இதுவே போதும்.

இனி, இத்தொழிலில் வேலைநிறுத்தத்தின் வலிமை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை ஆராய்வாம். ஆலையில் நூல் நிற்குமாயின் முதலாளிக்கு நாள்தோறும் நஷ்டம். படத்தொழில் அவ்வாறன்று. பாதி எடுத்த படம் ஒன்று நிற்குமாயின், வாங்கிய கடனுக்கு வட்டி ஏறுகின்றது. நடிகர் கொடுத்த கால்ஷீட் வீணாகின்றது. போட்ட செட் வெயிலில் காய்ந்து மழையில் நனைகின்றது. பண்டிகைக்கு வெளியிட வேண்டிய நாள் நெருங்குகின்றது. அப்படத்தின் முதலாளி உடன்பாட்டுக்கு விரைவார். இன்னும் தொடங்காத படத்தின் முதலாளிக்கோ ஒரு நஷ்டமும் இல்லை. நிற்பதே நல்லது என்றுகூட அவர் எண்ணுவார். செல்வக்காலத்தில் முன்னவர் பலர். மந்தகாலத்தில் பின்னவர் பலர். ஆகவே, நிறுத்துவோமா என்று கூட்டத்தில் கேட்குமுன் எத்தனை படம் பாதியில் இருக்கின்றதென எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2017இல் தீபாவளிக்கு வர இருந்த 'மெர்சல்', ரஜினிகாந்தின் 'காலா' ஆகிய பெரும்படங்கள் நடுவில் நின்றன. அந்நிறுத்தம் சில நாட்களில் பேச்சுவார்த்தையில் முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமென்பது என் துணிபு. ஆயினும் செப்டம்பர்த் தொடக்கத்தில் மறுபடியும் வேலை நின்றது. பூசலின் வேர் அறுபடவில்லை.

வேலை நடக்கும் இடமும் மாறிவிட்டது. முற்காலத்தில் ஜெமினி, வாஹினி, ஏ.வி.எம். போன்ற ஸ்டூடியோக்கள் தச்சர் முதல் எழுத்தாளர் வரை மாதச் சம்பளத்தில் வைத்திருந்தன. வாயிற்கதவு ஒன்று இருந்தது. அதன் முன் நின்றால் வேலைநிறுத்தம் கண்ணுக்குத் தெரியும். அடையாற்றில் நெப்டியூன் என்றும் பின்னர் சத்யா என்றும் பெயர் வழங்கிய ஸ்டூடியோ இருந்தவிடத்தில் இன்று மகளிர் கல்லூரி நடைபெறுகின்றது. அவ்வழியாகப் பஸ்ஸில் செல்லும் நம் மாணவியருள் எத்தனை பேர் அதனை அறிவரோ! ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படவே, தொழிலாளி நாட்கூலியாளன் ஆயினான். இன்று சென்னையில் தகராறென்றால் படப்பிடிப்பு ஐதராபாத்து ராமோஜி நகருக்குச் செல்லும். மறியலுக்கு நிற்க வாயிற்கதவே இல்லை.

இத்தொழிலாளரை ஒன்று சேர்த்தவர்களையும் ஒரு வார்த்தை நினைவுகூர்தல் தகும். வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் ஆகிய இருவரும் சங்கம் அமைப்பதில் பெரிதும் உழைத்தனர். அவர்களே 1960இல் 'பாதை தெரியுது பார்' என்னும் தொழிலாளர் கதையைப் படமாக எடுத்தவர்கள்.

நிற்க, சங்கத்துள் பிளவு நேர்வது நம் நகரத்துக்குப் புதிதன்று. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவராகிய பி. பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். 1921இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபொழுது, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் அதில் சேராது வேலைக்குச் சென்றனர். எம். சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். புளியந்தோப்பில் கலகம் மூண்டு, வீடுகள் எரிந்து, உயிர்கள் மாண்டன. வேலைக்குச் சென்றவர்களைத் துரோகிகள் என்று பலர் ஏசினர். கையிருப்பும் இல்லாமல், ஊராரின் ஆதரவும் இல்லாமல், பல மாதம் எங்ஙனம் காத்திருப்பர் என்பதை ஏசினவருள் எத்தனை பேர் கேட்டனர்? தம்மைச் சமமாக நடத்தாதவருடன் சமமாகப் பட்டினி கிடக்க அவர்களை அழைத்தனர் என்பதே அதன் கசப்பு. அப்பிளவிலிருந்து அச்சங்கம் எளிதில் மீளவில்லை.

இனி அமெரிக்க நாட்டைக் காண்போம். மந்தமும் வேலைநிறுத்தமும் சேர்ந்து வந்தால் நிகழ்வது யாதென்பதை ஹாலிவுட் இரு தலைமுறைகளில் இருமுறை கண்டிருக்கின்றது.

முதலது 1933. பாங்குகள் மூடப்பட்ட அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்டூடியோ முதலாளிகள் சம்பளத்தில் பாதியைச் சில வாரங்களுக்குக் குறைத்தார்கள். அக்கொதிப்பில் பிறந்ததே திரை நடிகர் சங்கமாகிய 'ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்டு'. அதே கோடையில் ஒலிப்பதிவுத் தொழிலாளரும் அவரைச் சார்ந்த மேடைத் தொழிலாளர் சம்மேளனத்தாரும் வேலையை நிறுத்தினர். வேலையற்றோர் தெருவெல்லாம் நின்ற காலம். அவர்களுடைய இடங்களை மின்தொழிலாளர் சங்கத்தார் நிரப்பினர், நிறுத்தியவர்கள் தோற்றார்கள். நடிகர்களோ அன்று நிறுத்தவில்லை. நான்காண்டு அங்கத்தினரைச் சேர்த்துக்கொண்டு, 1937 மே மாதத்தில் ஏறக்குறைய ஒருமுகமாக வேலைநிறுத்தத்துக்கு வோட்டளித்தார்கள். வோட்டைக் கண்டவுடன் முதலாளிகள் கையெழுத்திட்டனர்; ஒருநாளும் வேலை நிற்கவில்லை.

இரண்டாவது 2008. நடிகர் சங்கத்தின் ஒப்பந்தம் அவ்வாண்டு ஜூன் 30இல் முடிவுற்றது. இணையத்தில் காட்டப்பெறும் படங்களுக்கு நடிகர் பங்கு எவ்வளவு என்பதே வழக்கு. 'ஆப்ட்ரா' என்னும் மற்றொரு சங்கம் தனியே உடன்பட்டு, ஜூலையில் 62 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வோட்டால் அதனை உறுதி செய்தது. செப்டம்பரில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அதே மாதத்தில் நடந்த சங்கத் தேர்தலில், போர்க்குணமுள்ள கட்சி நிர்வாக சபையில் பெரும்பான்மையை இழந்தது. எனினும் தலைவர் ஆலன் ரோசன்பர்க்கும் நிர்வாக இயக்குநர் டக் ஆலனும் வேலைநிறுத்தத்துக்கு அதிகாரம் கேட்டு வோட்டு எடுக்கப் போவதாக அறிவித்தனர். அதற்கு வோட்டளிப்போரில் 75 சதவீதம் வேண்டும். நியூயார்க்குக் கிளை எதிர்த்தது. ஜார்ஜ் குளூனி, டாம் ஹாங்க்ஸ் உள்ளிட்ட நட்சத்திரங்கள் நூற்றுக்கு மேற்பட்டோர், இக்காலத்தில் இது தகாது என்று கையெழுத்திட்டார்கள்.

இவ்விடத்தில் சற்றே நிற்போம். பட்டினி கிடக்க வேண்டாதவர்கள் ஏழை நடிகருக்காக வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள்; ஏழை நடிகர் பலர் வேண்டும் என்றார்கள். இது தலைகீழாகத் தோன்றுமன்றோ? காரணம் உண்டு. அச்சங்கத்தின் அங்கத்தினர் ஏறக்குறைய 1,20,000 பேர். எந்த வாரத்திலும் அவர்களில் பெரும்பாலோருக்கு நடிப்பு வேலை கிடையாது. வேலையில்லாதவன் வேலைநிறுத்தத்தால் இழப்பது யாது? வேலையுள்ளவனும், அவனைச் சூழ்ந்து பிழைக்கும் தையற்காரரும் ஓட்டுநருமே இழப்பவர்கள். ஆனால் வேலையில்லாதவன் கூறுவதிலும் நியாயம் உண்டு. பழைய படங்கள் மறுபடி காட்டப்படும்பொழுது வரும் சிறு தொகையே அவனுக்கு வீட்டு வாடகை. இணையத்தில் அது பறிபோனால் செல்வக்காலம் திரும்பினும் அவனுக்குத் திரும்பாது. ஒருவன் இம்மாதத்தைப் பார்க்கின்றான், மற்றவன் இருபதாண்டைப் பார்க்கின்றான். இருவர் கண்ணும் நல்ல கண்ணே.

2009 ஜனவரியில் நிர்வாக சபை கூடிற்று. ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து பேசியும் முடிவில்லை. அம்மாத இறுதியில் மிதவாதிகள் எழுத்துமூலம் ஒப்புதல் திரட்டி டக் ஆலனை நீக்கினார்கள். வோட்டு எடுக்கப்படவேயில்லை. ஜூன் மாதத்தில், முன்னர் மறுத்த நிபந்தனைகளைப் பெரிதும் ஒத்த ஒப்பந்தத்தை 78 சதவீதத்தினர் ஏற்றனர். அதற்குள் கேடு விளைந்துவிட்டது: அவ்வாண்டில் புதிய தொலைக்காட்சித் தொடர்களின் முதற்படங்கள் பெரும்பாலும் ஆப்ட்ரா ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டன. நிறுத்தவுமில்லை, உடன்படவுமில்லை, அந்த ஓராண்டில் வேலை அண்டை வீட்டுக்குச் சென்றது. இரு சங்கங்களும் 2012 மார்ச்சில் ஒன்றாயின. 2023இல் நூற்றுப் பதினெட்டு நாள் வேலையை நிறுத்தியபொழுது, முதலாளிகள் போய்ச் சேர அண்டை வீடு இல்லை.

மீண்டும் தியாகராய நகருக்கு வருவோம். ஹபிபுல்லா சாலையிலுள்ள தென்னிந்திய நடிகர் சங்கத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அதன் அங்கத்தினர் மூவாயிரத்துச் சொச்சம் பேருள் வெளியூர் நாடக நடிகர் பலர். 2015 அக்டோபரில் மயிலாப்பூர் செயின்ட் எப்பாஸ் பள்ளியில் நடந்த தேர்தலில், அவர்கள் பஸ்களில் வந்து நட்சத்திரங்களுடன் ஒரே வரிசையில் நின்று வோட்டளித்தனர். அத்தேர்தலில் செயலாளராக வென்ற விஷால், 2017 ஏப்ரலில் தயாரிப்பாளர் சங்கத்துக்கும் தலைவரானார். நடிகருக்காக வாதிடுபவரும் நடிகருக்குச் சம்பளம் கொடுப்போரின் தலைவரும் ஒருவரே! அப்பொழுது பெப்சியின் தலைவராக இருந்த ஆர். கே. செல்வமணியோ ஓர் இயக்குநர். நம் சினிமாவில் காலையில் தொழிலாளியாக இருப்பவர் மாலையில் முதலாளியாகக் கூடும். 1997இல் இயக்குநர் பலரும் தயாரிப்பாளரும் 'படைப்பாளிகள்' என்ற பெயரில் பாரதிராஜாவின் தலைமையில் ஒருபுறமும் பெப்சி மறுபுறமுமாகப் பிரிந்து, மாதக்கணக்கில் தொழில் முடங்கியதும் இக்கோட்டில் நேர்ந்த முறிவே.

2018 மார்ச்சில் வேலையை நிறுத்தியவர்கள் முதலாளிகள். தியேட்டரில் படங்காட்டும் டிஜிட்டல் கம்பெனிகளின் கட்டணத்தை எதிர்த்து, மார்ச்சு 1 முதல் புதுப்படங்களையும் மார்ச்சு 16 முதல் படப்பிடிப்புகளையும் நிறுத்தினார்கள். ஏப்ரல் நடுவரை நீடித்தது. லைட்மேனை யாரும் வோட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்நாட்களின் செலவில் ஒரு பங்கை அவனே செலுத்தினான்.

என் மாணவர் இப்பொழுது ஒரு பாங்கில் வேலை பார்க்கின்றார். சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்தில் சந்தித்தபொழுது அவ்வினாவை யானே நினைவூட்டினேன். தந்தையார் கூறிய கொள்கையும் மாமனார் கூறிய காலமும் உண்மையில் மோதவில்லை என்றும், இருவரும் கேட்டிருக்க வேண்டியது "எத்தனை நாள் தாங்குவோம்?" என்பதே என்றும் கூறினேன். அவர் சிரித்தார். "அதற்கு விடை 2020இல் கிடைத்துவிட்டது, ஐயா" என்றார்.

அவ்வாண்டு மார்ச்சு 19ஆம் நாள் முதல், கொள்ளைநோய் காரணமாகப் படப்பிடிப்புகள் யாவும் நின்றன. அதில் கட்சியும் இல்லை, வோட்டும் இல்லை. ஒரு வாரம் செல்லுமுன் சம்மேளனத் தலைவர் நட்சத்திரங்களை நோக்கி, நாட்கூலித் தொழிலாளர் வீடுகளுக்கு ஆளுக்கொரு மூட்டை அரிசி வேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டார். ரஜினிகாந்த் ஐம்பது லட்சம் ரூபாய் அளித்தார். வேறு பலரும் பணமும் அரிசியும் அனுப்பினர். மாணவரின் தந்தையாரும் மாமனாரும் அம்மூட்டைகளைப் பெற ஒரே வரிசையில் நின்றார்களாம்.