பெற்றோர் பிரிந்திருந்தால் வருமானக் கட்டத்தில் என்ன எழுதுவது?

சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருந்தும், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘பெற்றோரின் ஆண்டு வருமானம்’ என்ற இடத்தில் சில மாணவர்கள் தயங்கி நிற்பதை நாம் பார்க்கிறோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இது அரிதன்று. தாய் காசிமேட்டில் மீன் விற்பார். லாரி ஓட்டும் தந்தை வீட்டைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றிருக்க மாட்டார்கள். குடும்ப அட்டையில் தந்தை பெயர் அப்படியே இருக்கும்.

இந்நிலையில் அக்கம்பக்கத்தினர் இரண்டு யோசனைகள் சொல்வதுண்டு. இரண்டும் தவறானவை.

ஒன்று, தந்தை இறந்துவிட்டதாகக் குறிப்பிடுவது. பொய்த் தகவல் தெரியவந்தால் உதவித்தொகை ரத்தாகும். பெற்ற தொகையையும் திருப்பிச் செலுத்த நேரிடும்.

மற்றொன்று, உடன் வாழும் தாத்தா அல்லது தாய்மாமன் வருமானத்தை எழுதுவது. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 இலட்சம். பெற்றோரில் ஒருவர் உயிருடன் இருந்தாலும் பெற்றோர் வருமானமே கணக்கு. இருவரும் இல்லாதபோதுதான் பாதுகாவலர் வருமானம் வரும் என்கின்றன அதன் விதிகள். மாமன் வருமானத்தைச் சேர்த்தால் தகுதியுள்ள பிள்ளையே வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

சரியான வழி, உள்ள நிலையை உள்ளபடி சொல்லி அதற்குச் சான்று பெறுவதே.

1. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்குத் தாய் விண்ணப்பிக்கும்போது, கணவர் பிரிந்து வாழ்வதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணைக்கு வருவோரிடமும் அதையே சொல்ல வேண்டும்.

2. விவாகரத்து அல்லது ஜீவனாம்ச ஆணை இருந்தால் நகல் இணைக்கலாம். நீதிமன்றம் செல்லாதவர்கள், கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்கான சான்றிதழை வருவாய்த் துறையிடம் கோரலாம்.

3. ஜீவனாம்சம் கைக்கு வருகிறது என்றால் அதை மறைக்கக் கூடாது.

4. எமிஸ் தளத்தில் தந்தையின் கைபேசி எண் இருந்தால், தாயின் எண்ணாக மாற்றித் தர வேண்டும்.

‘அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது’ என்று தாயைத் திருப்பி அனுப்பவும் கூடாது. தந்தை பராமரிப்பில் பங்கேற்காத நிலையில், அவர் உயிருடன் இருக்கும்போதே தாய் இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இச்சிக்கல் கல்லூரி வாசலில் தொடங்குவதன்று. 8-ஆம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கே பெற்றோர் வருமானம் ரூ.3.5 இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும். எனவே நடுநிலைப் பள்ளியிலேயே சான்றுகளைச் சரிசெய்யத் தொடங்கினால், பிளஸ் டூ முடிந்தபின் அலைய வேண்டியதில்லை.

சான்று தாமதமானாலும் மாணவி படிப்பைக் கைவிடத் தேவையில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கு வருமான வரம்பு இல்லை. அத்திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ‘அப்பா இல்லாதவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்று வகுப்பில் கேட்டால், பிரிந்த வீட்டுப் பிள்ளை எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிக்கும். தாயை வரவழைத்துத் தனியே கேளுங்கள். கிடைக்க வேண்டிய தொகை கிடைக்கும். பிள்ளையின் மானமும் காக்கப்படும்.